வெள்ளையம்மாள் மனுவில் நான் எழுதாத வரி

கோமதி,

ஆபீஸ் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. நீளமான கடிதம் என்றால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று மேலேயே எண்ணிட்டுச் சொல்லிவிட வேண்டும் எனக்கு. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் நழுவிவிடுவேனோ என்ற பயமும் ஒரு காரணம். எண் போட்டுவிட்டால் நழுவுவது கொஞ்சம் கஷ்டம்.

1. உன் கட்டுரையில் நீ சொல்லும் முக்கியமான விஷயம் சரியல்ல.
2. வெள்ளையம்மாளின் மனு எப்படி எழுதப்பட்டது.
3. அதனால் என்ன நடந்தது.
4. வெள்ளையம்மாளுக்கு இது எதுவும் தெரியாது. இனிமேல் தெரியவைக்க வேண்டியதும் இல்லை.
5. மீதி நோட்டுகளை நான் ஏன் அனுப்பவில்லை.

உன் கட்டுரை வந்து பதினொரு நாள் ஆகிறது. டைப் செய்த இருபத்திரண்டு பக்கம், மேலே உன் கையெழுத்தில் ஒரு துண்டுத் தாள். இதைப் படித்துவிட்டுத்தான் இங்கிலாந்தில் உனக்கு ஆராய்ச்சிக்கு இடம் தர முன்வந்திருக்கிறார்கள் என்றும், இதையே விரிவாக்கிப் புரட்டாசிக்குள் அனுப்பினால் இடம் உறுதி என்றும், அதற்காக என்னிடம் இருக்கும் மீதி மனு நோட்டுகளைப் பதிவுத் தபாலில் அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். அன்றைக்கு உன் அம்மா பாயசம் வைத்தாள். நான் அகராதியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெள்ளைக்காரன் ஆண்ட நாடுகளில் பிறந்தவர்கள் அவனுடைய பாஷையிலேயே இப்போது எழுதுகிற கதைகளையும் நாவல்களையும் நீ படிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். காமன்வெல்த் இலக்கியம் என்று அதற்குத் தனியாக ஒரு பேப்பரே வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாய். ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்த புத்தகங்களை லீவில் கொண்டுவந்தாய்; நானும் இரண்டைப் படித்து முடித்தேன். ஆனால் அந்தப் புத்தகங்களின் வரிசையில் எஸ்டேட்டில் நான் டைப் அடித்த ஒரு மனுவை நீ கொண்டுபோய் வைப்பாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. போன கோடை லீவில் டிரங்குப் பெட்டியைக் கிளறி, இதை வைத்துக்கொள்ளட்டுமா அப்பா என்று நீ கேட்டு எடுத்துப்போன கார்பன் காப்பி அது. எதற்கு என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

முதல் விஷயம். அந்த மனுவின் ஒரே வாக்கியத்தில் நான்கு இடத்தில் ‘மிகத் தாழ்மையுடன்’ வருகிறது என்று எண்ணிச் சொல்லியிருக்கிறாய். இத்தனை குனிவு நிஜமான குனிவாக இருக்க முடியாது, இது துரைக்குத் தெரியாமல் துரையைக் கேலி செய்யும் குனிவு என்கிறாய். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு மலைத் தோட்டத் தொழிலாளி தன் கோபத்தை ஆள்பவனின் பாஷைக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டாள், அவளுக்குப் பின்னால் வந்த நாவலாசிரியர்கள் அதைத்தான் பெரிதாகச் செய்தார்கள் என்பது உன் கட்சி. மிக அழகாக எழுதியிருக்கிறாய். உன் பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் பாராட்டியிருப்பதையும் பார்த்தேன். இரண்டு நாள் அதை நானே நம்பினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குத் தெரியாமல் நான் ஏதோ துணிச்சலான காரியம் செய்திருக்கிறேனோ என்று நினைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். மூன்றாம் நாள் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. அந்த நான்கு தாழ்மையையும் போட்டவன் நான், கோமதி. நீ கேட்ட குரல் வெள்ளையம்மாளுடையது அல்ல. என்னுடையது. அதில் கேலி துளியும் கிடையாது, பயம்தான் இருந்தது.

இரண்டாவது. பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் முடித்துவிட்டு, போடிமெட்டுக்கு மேலே அந்தத் தேயிலை எஸ்டேட்டில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, தலைமை கிளார்க்காக இருந்தவர் பாலக்காட்டுக் கோயில் தெருக்காரர், வைத்தியநாதய்யர். லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஜனங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளும் கையுமாக அவர் வீட்டுப் படியில் வந்து உட்காருவார்கள். லீவு வேண்டும், கூரை ஒழுகுகிறது, கங்காணி அடித்துவிட்டான், எதுவானாலும் துரையிடம் நேரில் போய்ச் சொல்லக்கூடாது, மனுவாகத்தான் போக வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். அவருக்குக் கண் மங்கியதும் அந்த வேலை எனக்கு வந்தது. முதல் மனுவை அவரிடம் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். “முதல் பாராவிலே தப்பு நம்மளதுன்னு ஒத்துண்டுடணும் ஓய். ரெண்டாவதிலே மன்னிக்கச் சொல்லணும். மூணாவதிலேதான் கேக்கணும். கோபம் ஆறின மனுஷன்தான் குடுப்பான்” என்றார். நான் அதைப் பாடமாகவே எடுத்துக்கொண்டேன். கூரை ஒழுகுகிறது என்று சொல்ல வந்தவனைக்கூட, அதை முன்னமே தெரிவிக்காத தன் மடமைக்கு மன்னிப்புக் கேட்கவைத்தேன். கூரைக்குத் தகரம் வந்தது. தாய் செத்துப்போய் ஊருக்குப் போக வேண்டியவன், கொழுந்து எடுக்கும் மும்முரத்தில் தாய் செத்ததற்கு வருத்தம் தெரிவித்தான். லீவு கிடைத்தது. கிடைத்ததால் அந்த முறையே சரி என்று நினைத்தேன். கிளார்க்கய்யா எழுதிக் கொடுத்தால் காரியம் நடக்கும் என்று லயத்தில் பேச்சு இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கார்பன் வைத்து ஒரு காப்பி எடுத்து நோட்டில் ஒட்டிவைத்தேன். அந்தப் பெருமைதான் இப்போது உன் மேசைக்கு வந்திருக்கிறது.

வெள்ளையம்மாள் அப்போது தேயிலைத் தூள் சலிக்கும் பகுதியில் வேலை பார்த்தாள். முப்பது வயது இருக்கும். சலிக்கும் மிஷினின் பெல்ட்டில் மாட்டி வலது கையில் மூன்று விரல் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறு ஞாயிறு, கையைத் துணியில் சுற்றிக்கொண்டு, புருஷன் சுடலையோடு வந்தாள். சுடலை படியிலேயே நின்றான். அவள்தான் பேசினாள். “பெல்ட்டு மேல இருந்த கம்பி வலையக் கழத்தி நாலு நாளாச்சு அய்யா. மாட்டுங்கன்னு நானே ரெண்டு தரம் சொன்னேன். அத மொதல்ல எழுதுங்க. பொறவு எனக்கு ஒரு லேசான வேலையும், இருக்க அந்த லயமும் வேணும்னு எழுதுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.”

அவள் சொன்னது உண்மை என்று எனக்குத் தெரியும். கொழுந்து கொட்டிக்கிடந்த வாரம் அது. வலையை மாட்டினால் மிஷினை அடிக்கடி துடைக்க முடியாது, துடைக்க நிறுத்தினால் வேலை தேங்கும் என்று துரையே கழற்றச் சொன்னார். சொன்னபோது நான் பக்கத்தில் ரிஜிஸ்டரோடு நின்றேன். அந்த வரியை எழுதினால் அது எங்கிருந்து வந்தது என்று துரைக்குத் தெரிந்துவிடும். அந்த டைப்ரைட்டரில் ஒரு எழுத்து சற்று மேலே ஏறி விழும். அது அவருக்குத் தெரியும். என் வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். நான் டைப் அடித்தேன். என்னுடைய சொந்தக் கவனக்குறைவாலும் பெண்புத்தியாலும் இந்த விபத்து நேர்ந்தது, மிஷின் அரை நாள் நிற்கக் காரணமாக இருந்ததற்கு மிகத் தாழ்மையுடன் மன்னிப்புக் கோருகிறேன் என்று தொடங்கினேன். மூன்றாவது பாராவில் லேசான வேலையையும் லயத்தையும் கேட்டேன். பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அதுவும் முழு உண்மை இல்லை. இப்படி எழுதினால்தான் கிடைக்கும் என்றும் நிஜமாகவே நம்பினேன். இரண்டில் எது அதிகம் என்று இத்தனை வருஷம் பிரித்துப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை.

வாசித்துக் காட்டச் சொன்னாள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் சொன்னதையே தமிழில் திருப்பிச் சொன்னேன். “வலையக் கழத்துனது வந்திருச்சா?” என்று கேட்டாள். வந்திருச்சு என்றேன். இடது கைப் பெருவிரலை மையில் தொட்டு நான் காட்டிய இடத்தில் வைத்தாள். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. மேசைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். அவர்கள் போன பிறகு அது என்ன தாள் என்று கேட்டாய். நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்தால் ஏழைகளுக்கு நல்லது செய்யலாம் என்று சொன்னேன். உனக்கு ஆங்கிலத்தின் மேல் ஆசை வந்தது அன்றைக்குத்தான் என்று உன் கட்டுரையின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்.

மூன்றாவது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்ல மாட்டேன். பத்து நாள் கழித்துத் தொழில் இலாகாவிலிருந்து ஒரு இன்ஸ்பெக்டர் வந்தார். துரை மனுவை எடுத்து அவர் முன்னால் வைத்தார். பேச்செல்லாம் ஆங்கிலத்தில். வெள்ளையம்மாள் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். இன்ஸ்பெக்டர் என்னிடம் திரும்பி, இதை நீங்கள் எழுதினீர்களா என்று மலையாளத்தில் கேட்டார். அவள் சொன்னதை நான் எழுதினேன் என்று பதில் சொன்னேன். அவள் சொன்னதை. அந்த இரண்டு சொல்லும் இன்னும் காதில் நிற்கிறது. விபத்து அவளுடைய தவறு, கொழுந்து எடுக்கவும் இனி லாயக்கில்லை என்று வேலையிலிருந்து நீக்கினார்கள். ஒரு வாரத்தில் லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். சுடலையும் தன் வேலைச் சீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவளோடு போனான். சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் அவர்கள் இறங்கிப்போன காலையில் நான் ஆபீஸை விட்டு வெளியே வரவில்லை. வலையை மறுநாளே மாட்டிவிட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு மாட்டினார்கள்.

எண் போடாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், உனக்குப் புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்தும். நீ கொண்டுவந்த இரண்டு நாவல்களிலும் என்னைப் போன்ற ஆள் ஒருவன் ஓரத்தில் வருகிறான். மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான், பெயர் இல்லை, இரண்டு பக்கம் கழித்துக் காணாமல் போய்விடுகிறான். ஆண்டவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், ஆளப்பட்டவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள், நடுவில் மை தொட்டுக் கொடுத்தவனை யாரும் நின்று பார்ப்பதில்லை. அந்தப் புத்தகங்களை எழுதியவர்களும் ஆங்கிலம் படித்த வீடுகளில்தான் பிறந்திருப்பார்கள். நம் வீடு மாதிரி வீடுகள். பேச முடியாதவர்களுக்காகப் பேசுகிறேன் என்று யாராவது எழுதியிருந்தால், அவர்கள் பேசினார்களா, பேசியதில் எதை இவன் விட்டுவிட்டான் என்று கேட்டுப் பார். நான் பார்த்த பெண்ணுக்குப் பேச முடியாமல் இல்லை. நன்றாகவே பேசினாள்.

ஐந்தாவதை முன்னால் சொல்கிறேன். நோட்டுகள் மூன்று இருக்கின்றன. எரித்துவிட்டேன் என்று உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். அப்படி ஒரு கடிதம் ஆரம்பித்துக் கிழித்தும் போட்டேன். எதைத் திறந்தாலும் முதல் பாரா ஒன்றுதான். நான் முட்டாள், நான் குடிகாரன், நான் கவனமில்லாதவள், மன்னியுங்கள். அந்த எஸ்டேட்டில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் தங்களைப் பற்றிச் சொன்னார்கள் என்பதற்கு அந்த நோட்டுகள் சாட்சி. வேறு விதமாகச் சொன்னார்கள் என்பதற்கு ஒரு தாளும் கிடையாது. நீ அவற்றை எடுத்து உன் புத்தகத்தில் போட்டால், உனக்குப் பின்னால் படிக்கிறவன் அதையே அவர்கள் வாக்குமூலம் என்று எடுத்துக்கொள்வான். நீ அதில் கேலியைப் பார்த்தாய். அவன் வேறு ஏதாவது பார்ப்பான். எப்படியானாலும் அவர்கள் சொன்னது வராது. அதனால் அனுப்பவில்லை.

இங்கே ஒரு நாள் நிறுத்திவைத்திருந்தேன். நான்காவது விஷயத்துக்கு ஒரு வரி போதும், எழுதி முடித்துவிடலாம் என்று இருந்தேன். உன் அம்மா தாளை எடுத்துப் படித்தாள். அவளுக்கு இது முழுதும் இப்போதுதான் தெரியும். தாளை மடித்து மேசைமேல் வைத்தாள். பிறகு, “அவளுக்குத் தெரியாதுன்னு ஒங்களுக்கு ஆரு சொன்னா? போயிக் கேட்டீகளா?” என்றாள். அவள் இப்போது எங்கே இருக்கிறாளோ என்று இழுத்தேன். “போடியில ஏலக்கா பொறுக்குத கடையில இருக்கா. ஊருக்கே தெரியும். அவ என்ன புலியா, ஒங்களக் கடிச்சித் திங்க?”

எனக்கும் தெரியும். போடிக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அந்தத் தெருவை விட்டுச் சுற்றிக்கொண்டுதான் பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பேன். நேற்று காலை ஆனைக்கரையிலிருந்து குமுளிக்கு ஜீப்பில் போய், கம்பம் வழியாகப் பஸ் பிடித்துப் போனேன். கடையின் பின்கட்டில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் முறத்தோடு தரையில் உட்கார்ந்து காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் வெள்ளையம்மாளும் இருந்தாள்; தலை முழுக்க நரைத்திருந்தது. இடது கை வேகமாகப் போய் வந்துகொண்டிருந்தது. வலது கை முறத்தைப் பிடித்திருந்தது. நான் என் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாங்க கிளார்க்கய்யா என்று சொல்லிவிட்டு வேலையை நிறுத்தாமல் இருந்தாள். சுடலை இறந்து நான்கு வருஷம் ஆயிற்றாம். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். அந்த மனுவில் என்ன எழுதினேன் என்று சொல்ல வந்ததாகச் சொன்னேன். மனப்பாடம் செய்துகொண்டு போன வாக்கியம்.

“அது எனக்கு அன்னைக்கே தெரியும்லா” என்றாள்.

இன்ஸ்பெக்டர் திரும்பிப் போகும்போது வராந்தாவில் நின்று அவளிடம் தமிழில் கேட்டிருக்கிறார். உன் கவனக்குறைவுதான் என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே, நிஜந்தானா என்று. அவள் ஆமா என்று சொல்லியிருக்கிறாள். நான் உள்ளே ரிஜிஸ்டரில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

“இல்லன்னு சொன்னா ஒங்க சீட்டு அன்னைக்கே கிழிஞ்சிருக்கும். அந்த ஆளு மொகத்தப் பாத்தேன், எனக்காவ ஒண்ணும் செய்யப்போறதில்ல. எங்க கத முடிஞ்சு போச்சு. மிச்ச லயத்துக்காரவுகளுக்கு எழுத ஒரு ஆளு வேண்டாமா? இனிமேலாவது ஒழுங்கா எழுதுவாருன்னு சுடலகிட்டச் சொன்னேன்.” முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள். “பொறவும் நெறய எழுதிருப்பீகளே. ஒண்ணுலயாவது, கழத்துனவன் ஆருன்னு எழுதுனீகளா?”

இல்லை என்றேன். பக்கத்தில் இருந்த பெண்கள் கை ஓட்டத்தைக் குறைத்திருந்தார்கள்.

“அன்னைக்குத் தொரைக்குப் பயந்து எழுதுனீக. இன்னைக்கு ஆருக்குப் பயந்து வந்திருக்கீக?”

என் மகளுக்கு என்றேன். சிரித்துவிட்டாள். பக்கத்துப் பெண்ணிடம், பிள்ளையைப் பெத்து வளர்த்ததுக்கு அந்த மட்டும் பிரயோசனம் என்றாள். அவர்களும் சிரித்தார்கள். உன் கட்டுரையைப் பற்றிச் சொன்னேன். அவள் மனுவைப் படித்துவிட்டு, அதில் அவள் துரையைக் கேலி செய்திருப்பதாக நீ எழுதியிருக்கிறாய் என்று என்னால் முடிந்தவரை விளக்கினேன். காதைக் கொடுத்துக் கேட்டாள். கேலி செய்யவா நான் ஞாயித்துக்கிழமை அந்தக் கையோடு ஏறி வந்தேன் என்றாள். அதற்கு மேல் கோபம் இல்லை. கடைசியில், “படிச்ச பிள்ளதான. வரச் சொல்லுங்க. நானே சொல்லுதேன், எழுதிக்கிடட்டும். நீங்க கூட வர வேண்டாம்” என்றாள்.

மலை ஏறிவந்த பஸ்ஸில் நான் கணக்குப் போட்டது உன்னைப் பற்றித்தான். நீ போய் அவளிடம் கேட்டால் உன் இருபத்திரண்டு பக்கத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்துக்கு இங்கிலாந்தில் இடம் தருவார்களா என்று எனக்குத் தெரியாது. தர மாட்டார்கள் என்றே என் பயந்த புத்திக்குப் படுகிறது. கேட்காமல் இப்படியே அனுப்பினால் இடம் நிச்சயம், இதை அங்கே யாரும் கண்டுபிடிக்கவும் போவதில்லை. வலையைப் பற்றிய வரியை விட்டுவிட்டு டைப் அடித்த அன்றும் நான் இதே மாதிரிதான் கணக்குப் போட்டேன். உன்னை எந்தப் பக்கமும் தள்ள எனக்குத் தைரியம் இல்லை. நோட்டுகள் பெட்டியில் இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள். ஆனைக்கரை வீட்டுக்கு வருவதற்கு முன்னால் போடியில் இறங்கு. கடை, பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டாவது தெரு.

நான்காவதாக எழுதியது தவறு. வெள்ளையம்மாளுக்குத் தெரியாது என்று நான் எண் போட்டு எழுதினேன். அவளுக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் இருந்தால்தான் நான் பாவம் செய்தவன், அவள் ஒன்றும் அறியாதவள் என்று வைத்துக்கொள்ள முடியும். அது எனக்கு வசதியாக இருந்தது. அவளை இனிமேல் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சேர்த்து எழுதியதும் அவளுக்காக இல்லை. மேலே அந்த வரியைக் கோடிட்டு அடிக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன். அந்தத் தப்பு என்னுடையது. கீழே கையெழுத்தும் என்னுடையதுதான்.

அப்பா